இடம் வலமாக ஒரு பெயர்

என் படிப்பு மேசையில் ஒரு கல் இருக்கிறது. தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்த அளவு. பழுக்கத் தொடங்கிய கொய்யாக்காயின் நிறம். போன வருடம் எங்கள் சாச்சா கடைக்குச் சரக்கு எடுப்பதற்காகச் சீனாவின் யீவு நகருக்குப் போய் வந்தபோது கொண்டுவந்தது. ராத்தாவுக்குக் கைப்பை, தம்பிக்கு ரிமோட் கார், எனக்குக் கல். "நீங்க சித்திரம் படிக்கிற புள்ளதானே மகள்" என்றார். உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கலாகத்தான் இருந்தது.

கல்லைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடிப்பக்கம் சதுரம். அதில் கோடுகள் வெட்டப்பட்டிருந்தன. என் பெயரின் இரண்டு அசைகளுக்கு இரண்டு சீன எழுத்துகளாம். சாச்சா தேநீர் குடித்து முடிப்பதற்குள் சந்தையில் ஒருவர் வெட்டிக் கொடுத்துவிட்டாராம். கூடவே ஒரு சின்னச் சிமிழில் சிவப்புக் களிம்பு. கல்லை அதில் ஒற்றி, பயிற்சிக் கொப்பியின் கடைசித் தாளில் அழுத்தினேன். தாளில் விழுந்ததையும் கல்லில் இருந்ததையும் மாறி மாறிப் பார்த்தேன். கல்லில் இடப்பக்கம் நின்ற எழுத்து தாளில் வலப்பக்கம் நின்றது. அதாவது, என் பெயர் சரியாக விழவேண்டும் என்பதற்காக அந்த மனிதர் அதைப் பிழையாக எழுதியிருக்கிறார்.

அந்த இடத்தில்தான் எனக்கு இந்தக் கலை பிடித்துப்போனது. காரணம் இருக்கிறது. நான் இடக்கைப் பழக்கமுள்ளவள். முதலாம் தரத்தில் எழுதத் தொடங்கியபோது என் எழுத்துகள் பல, கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலமாகத் திரும்பி நிற்கும். 'ட' எழுதினால் அதன் கால் மறுபக்கம் நீளும். 'ப' மட்டும் தொல்லை தரவில்லை. அதை எந்தப் பக்கம் திருப்பினாலும் 'ப'தான். சிவப்புப் பேனாவால் சுழிக்கப்பட்ட அந்தக் கொப்பிகளை உம்மா இன்னும் அலுமாரியில் வைத்திருக்கிறார். உம்மும்மாவுக்கோ எழுத்து திரும்பியது கவலையில்லை, கைதான் கவலை. "சோத்துக் கையால எழுது புள்ள" என்று பென்சிலை எடுத்து என் வலக்கையில் திணிப்பார். சாப்பாடு வலக்கைக்கு மாறியது. அது சுன்னத்தான விடயம், எனக்கும் மறுப்பில்லை. பென்சில் மாறவில்லை.

ஆகவே, எழுத்தைத் திருப்பிப் போடுவதையே தொழிலாகவும் கலையாகவும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகச் செய்துவரும் ஒரு நாடு இருக்கிறது என்று அறிந்தபோது எனக்கு எப்படியிருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சித்திர ஆசிரியையிடம் கேட்டும், நூலகத்தில் தேடியும், வாப்பாவின் தொலைபேசியில் படித்தும் சேர்த்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

முத்திரை என்பது நமக்குப் புதிய பொருளல்ல. கிராம சேவகரின் கடிதமானாலும் சமாதான நீதவானின் அத்தாட்சியானாலும், கையொப்பத்துக்குக் கீழே அந்த ஊதா நிற றப்பர் முத்திரை விழாவிட்டால் எந்தக் கந்தோரும் ஏற்காது. நபி (ஸல்) அவர்கள் பிற நாட்டு மன்னர்களுக்குக் கடிதம் அனுப்ப விரும்பியபோது, முத்திரை இல்லாத கடிதத்தை அவர்கள் வாசிக்கமாட்டார்கள் என்று சொல்லப்பட்டதால், வெள்ளி மோதிரம் ஒன்றில் முத்திரை பொறித்துக்கொண்டதை இஸ்லாம் பாடத்தில் படித்திருக்கிறோம். உஸ்மான் (ரலி) அவர்களின் காலத்தில் அந்த மோதிரம் அரீஸ் என்ற கிணற்றில் விழுந்தது. எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை.

சீனாவிலும் இப்படித் தொலைந்துபோன ஒரு புகழ்பெற்ற முத்திரை உண்டு. கி.மு. 221 இல் சீனாவின் சிற்றரசுகளையெல்லாம் ஒன்றாக்கிய சின் ஷி ஹுவாங், தன்னை முதற் பேரரசர் என்று அறிவித்துக்கொண்டார். அதுவரை ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு விதமாக எழுதப்பட்ட எழுத்துகளையும் அவரே ஒழுங்காக்கினார். அவருடைய அமைச்சர் லீ ஸியின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் அந்த எழுத்து வடிவமே இன்று 'முத்திரை எழுத்து' எனப்படுகிறது. பேரரசருக்கென்று ஒரு பச்சைமாணிக்கக் கல் முத்திரை செய்யப்பட்டது. முத்திரையைக் குறிக்கும் 'ஷி' என்ற சொல்லையே இனி வேறு எவரும் தம் முத்திரைக்குப் பயன்படுத்தக் கூடாது என்றாகிவிட்டது. மற்றவர்களின் முத்திரை வெறும் 'யின்'. அந்தப் பச்சைக்கல் முத்திரை யாரிடம் இருக்கிறதோ அவரே உண்மையான அரசர் என்ற நம்பிக்கையில் பரம்பரை பரம்பரையாகக் கைமாறி, கடைசியில் காணாமலே போனது.

அந்தக் காலத்தில் முத்திரை தாளில் குத்தப்படவில்லை. தாளே இல்லையே. மூங்கிற் கீற்றுகளில் எழுதிய கடிதத்தைக் கயிற்றால் கட்டி, முடிச்சின் மேல் ஈரக் களிமண் வைத்து, அதில் முத்திரையை அழுத்துவார்கள். களிமண் காய்ந்துவிடும். உடைக்காமல் கடிதத்தைப் பிரிக்க முடியாது. முத்திரை அன்று ஒரு பூட்டு. 1784 ஆம் ஆண்டு ஜப்பானின் ஷிகா தீவில் வயல் வேலையின்போது ஒரு தங்க முத்திரை வெளிப்பட்டது. ஒரு பக்கம் 2.3 சென்ரிமீற்றர்தான். நிறை 108 கிராம். பிடி, சுருண்ட பாம்பின் வடிவம். கி.பி. 57 இல் சீனப் பேரரசர் ஜப்பானின் நா என்ற சிறு நாட்டு அரசருக்கு அனுப்பியதாகச் சீன வரலாற்று நூலில் குறிப்பு இருந்த முத்திரை அதுவென்று கொள்ளப்படுகிறது. பதினேழு நூற்றாண்டுகள் மண்ணுக்குள் கிடந்திருக்கிறது. இப்போது ஃபுகுவோகா நகர நூதனசாலையில் இருக்கிறது.

தாள் வந்த பிறகு களிமண் போய்ச் சிவப்புக் களிம்பு வந்தது. இரசமும் கந்தகமும் சேர்ந்த சிவப்புக் கனிமமான இங்குலிகத்தைப் பொடியாக்கி, ஆமணக்கெண்ணெயும் செடி நாரும் அல்லது பட்டிழையும் சேர்த்துப் பிசைந்தது அது. என் சிமிழில் இருப்பது அசலா, சாயமா என்று சாச்சாவுக்குத் தெரியாது. அசலானால் இரசம் கலந்தது என்பதால் தம்பியின் கைக்கு எட்டாத இடத்தில் வைத்திருக்கிறேன்.

இவ்வளவு காலமும் முத்திரை செய்தவர்கள் கைவினைஞர்கள். வெண்கலத்தில் வார்த்தார்கள், பச்சைக்கல்லில் தேய்த்தார்கள். புலவர் ஒருவர் தாமே முத்திரை வெட்ட நினைத்தாலும் அந்தக் கடினமான பொருள் இடந்தராது. மாதிரியை வரைந்து கொடுத்துவிட்டு ஒதுங்க வேண்டியதுதான். அதை மாற்றியது மென்மையான கல். பதினான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த ஓவியர் வாங் மியானை இதற்கு முன்னோடி என்பார்கள். 1498 இல் பிறந்த வென் பெங் காலத்தில் அது பெரிய வழக்கமாகவே ஆகிவிட்டது. நகம் பட்டாலே கீறல் விழுமோ என்று தோன்றும் கற்கள் அவை. சிறு உளி போதும். எழுதும் கையே வெட்டவும் செய்யலாம் என்று வந்ததும் கவிஞர்களும் ஓவியர்களும் முத்திரைக் கத்தியைக் கையில் எடுத்தார்கள். இந்தக் கலைக்கு 'ஜுவான்கே' என்று பெயர். முத்திரை எழுத்தைச் செதுக்குதல் என்பதே பொருள். ஜெஜியாங் மாகாணத்தின் சிங்தியான், ஃபூஜியான் மாகாணத்தின் ஷோஷான் ஆகிய ஊர்களின் கற்கள் பேர்போனவை. சாச்சா போன யீவுவும் ஜெஜியாங்கில்தான் இருக்கிறது. என் கல் சிங்தியான் மலைக்குச் சொந்தக் கல்லாக இருக்கட்டும் என்று நானாகவே முடிவுசெய்து வைத்திருக்கிறேன்.

முத்திரை வெட்டுபவர் முதலில் எழுதத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பது சீனாவில் மாறாத விதி. அங்கே எழுத்தணிக்கலை, ஓவியத்துக்குச் சமமாக, சிலர் கணக்கில் ஓவியத்துக்கும் மேலாக மதிக்கப்படுவது. அதற்குரிய கருவிகள் நான்கு: தூரிகை, மைக்கட்டி, தாள், மை அரைக்கும் கல். தூரிகை ஆட்டு உரோமத்திலோ மரநாயின் உரோமத்திலோ செய்யப்பட்டு நுனி கூராக முடியும். மைக்கட்டி என்பது விளக்குக் கரியையோ பைன் மரக் கரியையோ பசையோடு சேர்த்து உலர்த்திய கட்டி. அதைக் கல்லில் சில துளி நீர் விட்டு அரைக்க வேண்டும். அரைக்கும் அந்த ஐந்து பத்து நிமிடத்தில் மனம் அடங்கிவிடும் என்கிறார்கள். நான் பேனா மூடியைக் கழற்றும் நேரத்தில் என்ன அடங்கப்போகிறது!

தாள்தான் இதில் இரக்கமில்லாதது. அன்ஹுய் மாகாணத்தின் ஷுவான் தாள், மரப்பட்டை நாரும் வைக்கோலும் சேர்த்துச் செய்யப்படுவது. தூரிகை தொட்ட கணமே மையை உறிஞ்சிவிடும். தயங்கி நின்றால் அந்த இடத்தில் மை ஊறிப் பரவும், அவசரப்பட்டால் கோடு வறண்டு பிளக்கும். அழிக்க முடியாது. மேலே பூசித் திருத்தினாலும் அது தெரிந்துவிடும். ஒரு கோட்டைப் பார்த்து, எழுதியவர் எங்கே மூச்சை அடக்கினார், எங்கே கை தளர்ந்தார் என்று பழகியவர்கள் சொல்லிவிடுவார்களாம்.

இந்தக் கலையின் பெரும் பெயர் வாங் ஷிஜி. 303 இல் பிறந்தவர் என்பது பொதுவான கணக்கு. 353 ஆம் ஆண்டு இளவேனிலில் நண்பர்களோடு ஓடைக்கரையில் கூடிக் கவிதை பாடிய நாளில், அக்கவிதைகளுக்கு அவர் எழுதிய முன்னுரையே சீன எழுத்தணிக்கலையின் மிகப் புகழ்பெற்ற படைப்பு. 28 வரிகள், 324 எழுத்துகள். அதில் 'ஜி' என்ற ஒரே எழுத்து இருபது தடவையளவில் வருகிறது. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு வடிவத்தில் இருக்கிறது. மூலம் இன்று இல்லை. தாங் வம்சப் பேரரசர் தாய்சொங் அதைத் தன்னோடு அடக்கம் செய்யச் சொன்னார் என்பது வழிவழியாக வரும் கதை. நாம் பார்ப்பவையெல்லாம் படிகளே.

வாங் ஷிஜிக்குச் சிறுவயதில் எழுதக் கற்றுக்கொடுத்தவர் ஒரு பெண். வெய் அம்மையார் என்று அழைக்கப்படும் வெய் ஷுவோ. 'எழுத்தின் ஞானி' என்று சீனர் போற்றும் ஒருவருக்குத் தூரிகை பிடிக்கக் கற்றுக்கொடுத்த அவரைப் பற்றி எல்லாப் புத்தகங்களிலும் ஒரு வரிதான் எழுதுகிறார்கள். நானும் ஒரு வரிதான் எழுதுகிறேன், ஏனென்றால் அதற்கு மேல் எனக்குக் கிடைக்கவில்லை.

என்னைக் கலங்கவைத்தது வேறொரு தாள். யான் ஜென்சிங் என்பவர் தாங் வம்சத்து அதிகாரி. அன் லுஷானின் கிளர்ச்சியில் அவருடைய அண்ணனும் அண்ணன் மகனும் கொல்லப்பட்டார்கள். அந்த இளைஞனின் உடலில் தலை மட்டுமே தேடிக் கிடைத்தது. 758 இல் அவனுக்காக ஓர் இரங்கலுரையை யான் ஜென்சிங் எழுதினார். நமக்குக் கிடைத்திருப்பது அதன் முதற்படி. தைபேயிலுள்ள தேசிய அரண்மனை நூதனசாலையில் இருக்கிறது. அதன் படத்தைப் பார்த்தேன். தொடக்கம் ஒழுங்காக இருக்கிறது. பிறகு சொற்களை வெட்டுகிறார், சுழிக்கிறார், பக்கத்தில் எழுதுகிறார், மை தீர்ந்து வறண்ட பிறகும் நிறுத்தாமல் இழுக்கிறார். எனக்குச் சீனம் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனாலும் ஒருவர் அழுதுகொண்டு எழுதியது என்பது தெரிந்தது. சீன எழுத்தணிக்கலையின் உச்சங்களில் ஒன்றாக அவர்கள் வைத்திருப்பது, வெட்டும் திருத்தமும் நிறைந்த இந்தத் தாளைத்தான்.

இனிக் கல்லுக்கு வருவோம். சாச்சா அடுத்த தடவை போனபோது மூன்று வெற்றுக் கற்களும் ஒரு முத்திரைக் கத்தியும் வேண்டும் என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அதற்கு முன்பு அழிறப்பரில் பிளேட் கொண்டு பழகினேன். பத்துப் பன்னிரண்டு அழிறப்பர் பாழானது.

முதலில் கல்லின் அடிப்பக்கத்தைச் சமப்படுத்த வேண்டும். கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை விரித்துக் கல்லை வட்டமாகத் தேய்க்க வேண்டும். ஒரு பக்கம் அழுத்தினால் சரிவாகிவிடும். பிறகு மாதிரி. சதுரத்துக்குள் எழுத்துகளை எப்படி அமர்த்துவது என்பதில்தான் பாதிக் கலை இருக்கிறது என்கிறார்கள். ஹான் வம்சத்து முத்திரைகளைப் பார்த்தால் வளைவுகளை நிமிர்த்தி, மடித்து, சதுரம் முழுவதும் நிரம்பும்படி செய்திருப்பார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் பெரும் கலைஞரான டெங் ஷிருவோ இதற்கு மாறானவர். வெறுமையாக விடும் இடத்தில் குதிரையே ஓடலாம் என்னும்படியும், நெருக்கமான இடத்தில் காற்றும் நுழையாது என்னும்படியும் அமைக்க வேண்டும் என்பது அவர் வழி.

முத்திரையில் இரண்டு வகை உண்டு. எழுத்தை விட்டுவிட்டுச் சுற்றியுள்ள கல்லை வெட்டி எடுத்தால் தாளில் எழுத்து சிவப்பாக விழும். எழுத்தையே பள்ளமாக வெட்டினால் சிவப்புத் தரையில் எழுத்து வெள்ளையாக விழும். தொடக்கத்தில் வெள்ளை எழுத்தே இலகு. மாதிரியை மெல்லிய தாளில் எழுதிக் கல்லின் மேல் கவிழ்த்து மை இறங்கச் செய்யலாம். தேர்ந்தவர்கள் தூரிகையால் நேரே கல்லிலேயே திருப்பி எழுதிவிடுவார்கள். பிறகு சிறு கண்ணாடியில் காட்டிச் சரிபார்ப்பார்கள். இந்த ஒரு படியில் மட்டும் நான் பெருமையடித்துக்கொள்ளலாம். கண்ணாடி எனக்குத் தேவைப்படவில்லை. முதலாம் தரத்தில் சிவப்புப் பேனா வாங்கித் தந்த அதே பழக்கம், உள்ளே எங்கேயோ அப்படியே இருந்திருக்கிறது.

கத்தி என்று சொன்னாலும் அது சிறு உளிதான். தட்டையான முனை, இரண்டு பக்கமும் சரிவாகத் தீட்டியது. நீளமாக ஒரே தள்ளாகத் தள்ளி வெட்டுவது ஒரு முறை. சிறிது சிறிதாக அமுக்கி அமுக்கி நகர்வது மற்றொன்று. முதலாவதில் கோடு காற்றுப்போல் ஓடும். இரண்டாவதில் கோடு நடுங்கியும் உறுதியாகவும் தெரியும். இங்கே இடக்கைக்காரிக்கு ஒரு நல்ல செய்தி. தூரிகை எழுத்தில் ஒவ்வொரு கோடும் வலக்கைக்காகவே அமைந்தது. கிடைக்கோடு வலப்பக்கம் சற்று ஏறிப் போவதும் அந்தக் கையின் இயல்பால்தான். கல்லிலோ கத்தியைத் திருப்புவதில்லை, கல்லைத் திருப்புகிறோம். எந்தக் கோட்டையும் எந்தப் பக்கமிருந்தும் வெட்டலாம். கல் கையைப் பார்ப்பதில்லை.

இதைச் சொல்லும்போது காவ் ஃபெங்ஹானை விட்டுவிட முடியாது. 1683 இல் ஷாண்டொங் மாகாணத்தில் பிறந்த ஓவியர், எழுத்தணிக் கலைஞர், முத்திரை வெட்டுபவர். 1737 இல் அவருடைய வலக்கை செயலிழந்தது. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. வலக்கை எழுத்தாலேயே பெயர் பெற்றவர் அவர். இடக்கையால் தொடக்கத்திலிருந்து மீண்டும் பழகினார். எழுதினார், வரைந்தார், கல்லும் வெட்டினார். தமக்கு 'இடத்தைப் போற்றுபவன்' என்று பொருள்தரும் புனைபெயர் ஒன்றைச் சூட்டிக்கொண்டார். தாம் ஊனமுற்ற ஆண்டைக் குறிப்பிட்டே ஒரு முத்திரையும் வைத்திருந்தார். அவருடைய பிற்கால எழுத்து கோணல்மாணலானது, முரடானது. அதையே பலர் முன்னையதைவிட மேலாக மதிக்கிறார்கள். அவருடைய கதையை உம்மாவிடம் சொன்னேன். "உம்மும்மாவுக்கும் போய்ச் சொல்லு" என்று சிரித்தார்.

வெட்டி முடித்த பிறகு சிலர் கத்தியின் பின்புறத்தால் முத்திரையின் ஓரங்களைத் தட்டி உடைப்பார்கள். வேண்டுமென்றே. பழைய வெண்கல முத்திரைகள் மண்ணுக்குள் அரித்துக் கிடந்து பெற்ற அழகை வரவழைக்க. எனக்கு இது முதலில் ஏமாற்றுப்போல் பட்டது. இப்போதும் முழுதாக உடன்பாடில்லை. ஆனால் உடைக்காத என் முதல் முத்திரை, றப்பர் முத்திரைபோல் உயிரில்லாமல் இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

தச்சுத் தொழிலாளியாகத் தொடங்கி நவீன சீனாவின் மிகப் புகழ்பெற்ற ஓவியராக உயர்ந்த சி பாய்ஷி (1864-1957), இளமையில் முத்திரை பழக வழிகேட்டபோது நண்பர் சொன்ன பதில் எனக்குப் பிடித்தது. ஒரு சுமை கல்லை எடுத்து வா, வெட்டு, தேய், மறுபடி வெட்டு, கல்லெல்லாம் சேறாகும் வரை செய் என்றாராம். அவர் வீடு முழுவதும் கற்சேறாகுமளவுக்கு அப்படியே செய்தார். அவருடைய கோடுகள் ஒருதரம் தள்ளியதோடு சரி, திரும்பிப்போய்த் திருத்துவதில்லை. எங்கள் வீட்டில் ஒரு கல்லைத் தேய்த்ததற்கே உம்மா தும்புத்தடியோடு நின்றார்.

கல்லின் அடிப்பக்கத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். பக்கங்களிலும் எழுதுவார்கள். யாருக்காக, எந்த நாளில், எதற்காக வெட்டப்பட்டது என்ற குறிப்பு அங்கே இருக்கும். அது திரும்பாத, நேரான எழுத்து. தாளில் குத்தும்போது தெரியாது. கல்லைக் கையில் எடுப்பவர் மட்டுமே காண்பார். ஜாவ் ஜிசியான் (1829-1884) என்ற கலைஞர் 1862 இல், தாய்பிங் போர்க் காலத்தில், வீட்டைப் பிரிந்து தூரத்தில் இருந்தபோது மனைவியும் மகளும் இறந்துபோனார்கள். அவர் தம் பெயர்களோடு 'துயரக் குடில்' என்றொரு பெயரையும் சேர்த்துக்கொண்டார். 1864 இல் வெட்டிய ஒரு முத்திரையின் பக்கத்தில், தம் பௌத்த மரபுப்படி ஓர் உருவத்தைச் செதுக்கி, இது மறைந்த மனைவிக்கும் மகளுக்கும் என்று அவர்களுடைய பெயர்களைப் பொறித்தார். முத்திரையின் முகத்தில் அவர்களைப் பற்றி ஒன்றுமில்லை. நூற்றறுபது ஆண்டுகளுக்குப் பிறகு, வேறு நாட்டில், வேறு மார்க்கத்தில் பிறந்த ஒருத்தி அந்தச் சிறுமிக்காக மனம் வருந்துவாள் என்று அவர் நினைத்திருக்கமாட்டார்.

முத்திரை வெட்டிய பெண்களும் உண்டு. மிங் வம்சத்து இறுதிக் காலத்தில் வாழ்ந்த ஹான் யுவேசூவைப் பற்றி, முத்திரைக் கலைஞர்களின் வரலாற்றை எழுதிய ஜோ லியாங்கொங் குறிப்பிடுகிறார். சிறிய கற்களையே அவர் விரும்புவாராம். யாராவது பெரிய கல்லைக் கொண்டுவந்து நீட்டினால், என்னைக் கொண்டு மலையையா குடையப் பார்க்கிறீர்கள் என்ற பாவனையில் கேலி செய்வாராம். வாசித்தபோது, எங்கள் வகுப்பில் இருக்கக்கூடிய ஒருத்தி என்றே தோன்றியது.

ஓவியங்களின் மூலையில் சிவப்பாகத் தெரியும் சதுரங்கள் வரைந்தவருடையவை மட்டுமல்ல. ஓவியத்தைச் சொந்தமாக வைத்திருந்தவர்களும் தத்தம் முத்திரையைக் குத்துவார்கள். ஒரு படம் யார் யார் கைக்குப் போனது என்பது அதிலிருந்தே தெரியும். சியான்லொங் பேரரசரிடம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முத்திரைகள் இருந்தன. வாங் ஷிஜியின் பெயரிலுள்ள 28 எழுத்துச் சிறு கடிதமொன்றைச் சுற்றி அவர் குத்தியும் எழுதியும் வைத்திருப்பதைப் பார்த்தால், நூலகப் புத்தகத்தில் பேனாவால் எழுதுபவர்களின் நினைவுதான் எனக்கு வந்தது. 1904 இல் ஹாங்ஜோ நகரின் மேற்கு ஏரிக்கரையில் தொடங்கிய ஷிலிங் முத்திரைச் சங்கம் இன்றும் இயங்குகிறது. 2008 பீஜிங் ஒலிம்பிக் இலச்சினை ஒரு முத்திரை வடிவமே. அடுத்த ஆண்டு யுனெஸ்கோ இந்த இரு கலைகளையும் மனிதகுல மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

இந்தக் கலை நமக்குத் தூரத்துச் சொந்தம் என்று நினைத்திருந்தேன், கொழும்பு தேசிய நூதனசாலைக்குக் கல்விச் சுற்றுலா போகும்வரை. அங்கே காலி மும்மொழிக் கல்வெட்டு இருக்கிறது. யுன்னான் மாகாணத்து முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த கடற்படைத் தளபதி ஜெங் ஹே, தம் கப்பல்களில் கொண்டுவந்து நாட்டியது. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தென்னாவர நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வின் பெயரிலும் காணிக்கைகள் சொல்லப்படுகின்றன. அதிலுள்ள காலம் 1409. கல் சீனாவிலேயே பொறிக்கப்பட்டு வந்தது. 1911 இல் காலி நகரில் அது கண்டெடுக்கப்பட்டபோது, ஒரு மதகின் மூடியாக எழுத்துப் பக்கம் கீழே கவிழ்ந்து கிடந்தது.

எல்லோரும் அடுத்த கூடத்துக்குப் போன பிறகும் நான் அங்கே நின்றேன். சீன எழுத்துகள் நிமிர்ந்து நிற்கின்றன. அவை அந்தக் கைக்குப் பழகியவை. பாரசீகப் பகுதி மிகவும் தேய்ந்திருக்கிறது. தமிழ்? ஓலையில் எழுதி எழுதி வட்டமானது நம் எழுத்து என்று படித்திருக்கிறோம். கல்லுக்கோ நேர்கோடுதான் பிரியம். அறுநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு சீனக் கல்தச்சர் நம்முடைய சுழிகளின் மேல் உளி வைத்திருக்கிறார். அவருக்குத் தமிழ் தெரிந்திருக்குமா, இல்லை யாரோ எழுதிக் கொடுத்த கோட்டின் மேலேயே உளியை நகர்த்தினாரா? அந்தச் சுழிகளில் அவருடைய கை எத்தனை முறை வழுக்கியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஏனென்றால் அப்போது நான் ஒரு தமிழ்ப் பெயரைக் கல்லில் வெட்டத் தொடங்கியிருந்தேன்.

அது உம்மும்மாவின் பெயர். உம்மும்மா பள்ளிக்கூடம் போகாதவர். குர்ஆன் ஓதுவார், ஆனால் எழுதத் தெரியாது. வங்கியில் அவருடைய பெருவிரலை மைத் தட்டில் அழுத்துவார்கள். வீட்டுக்கு வந்த பிறகு அந்த விரலைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருப்பார். அவருக்கென்று ஒரு முத்திரை வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

மூன்று கற்களில் முதலாவது, அவர் பெயரிலுள்ள 'து'வின் வாலில் உடைந்தது. இரண்டாவதில் நான் அவசரப்பட்டு ஒரு புள்ளியை மறந்துவிட்டேன். தேய்த்து மறுபடி வெட்டினேன். கல் அரைவாசி உயரமாகிவிட்டது, எழுத்து அமையவில்லை. மூன்றாவதில், ஹான் முத்திரைகளில் செய்ததுபோல் சுழிகளைச் சற்று நிமிர்த்திச் சதுரமாக்கினேன். பக்கத்தில் நேரான எழுத்தில் நாளையும், 'பேத்தி வெட்டியது' என்பதையும் பொறித்தேன். இடக்கையால்.

நோன்புப் பெருநாளுக்கு அடுத்த நாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். அடியைத் தடவினார். "இதுல என்ன போட்டிரிக்கி?" என்றார். அவருடைய பெயர் என்றேன். "திரும்பி இரிக்கிதே" என்றார். எழுத்துத் தெரியாதவருக்கு அது எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "ஒங்கட உம்மா எல்லா அட்டையிலயும் என்ட பேரக் காட்டி வச்சிரிக்கிறாவே, அதுட முகம் எனக்குத் தெரியும்" என்றார்.

களிம்பில் ஒற்றித் தாளில் வைத்துக் கொடுத்தேன். வங்கியில் விரலை அழுத்துவது போலவே, முழுப் பலத்தோடு அழுத்தினார். எடுத்துப் பார்த்தார். பெயர் நேராக நின்றது. 'து'வின் வால் கொஞ்சம் தடித்திருந்தது.

இது வங்கியில் செல்லாது உம்மும்மா, அங்கே விரல்தான் கேட்பார்கள் என்று சொன்னேன். அவருக்கு அது கேட்டதாகத் தெரியவில்லை. என் கொப்பியை இழுத்து மட்டையில் ஒரு தரம் குத்தினார். பிறகு அரிசிப் பேணியில் ஒட்டியிருந்த தாளில் ஒன்று. பிறகு என் கையைப் பிடித்து இழுத்து, அந்த இடக்கையின் பின்புறத்தில் ஒன்று. அது தலைகீழாக விழுந்துவிட்டது.